டவர் கண்ணெதிரே, லைன் மட்டும் இல்லை: பூஸ்டர் வாங்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டு வாசலில் நின்றாலே டவர் தெரிகிறது. இரண்டு வாரமாக லைன் சுத்தமாக இல்லை. டவருக்கு வந்த டெக்னீஷியன் 'ஆர்.ஆர்.யூ. போய்விட்டது' என்றார். பக்கத்துத் தாமான்காரர் ஒருவர் 1,200 வெள்ளிக்கு எங்கள் கூரையிலேயே 'சின்ன ஆர்.ஆர்.யூ.' மாட்டித் தருகிறாராம். வாங்கலாமா?"

வாங்காதீர்கள், அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

டவர் உச்சியில் நீள நீளமாக வெள்ளைப் பலகைகள் தெரிகின்றனவே, அவை ஆன்டெனா. அவற்றுக்குப் பின்னால் தொங்கும் பெட்டிகள்தான் ஆர்.ஆர்.யூ. சிலர் ஆர்.ஆர்.எச். என்பார்கள், சாமான் ஒன்றுதான். உங்கள் கைப்பேசிக்கு வரும் ரேடியோ அலையை உண்டாக்கி ஆன்டெனாவுக்குக் கொடுப்பது அதன் வேலை. என்ன அனுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லும் பி.பி.யூ. கீழே, வேலிக்குள் இருக்கும் அலமாரியில். மேளம் மாதிரி வட்டமாக இருப்பது டவரும் டவரும் பேசிக்கொள்ள, அதை விடுங்கள்.

பெரும்பாலும் மூன்று பக்கத்துக்கு மூன்று செட் இருக்கும். ஒரு பக்க ஆர்.ஆர்.யூ. செத்தால் அந்தப் பக்க வீடுகளுக்கு மட்டும் லைன் இருக்காது. டவருக்கு மறுபக்கம் குடியிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். அதே கம்பெனி சிம்மில் அவருக்கு நன்றாக இருந்தால் டெக்னீஷியன் சொன்னது சரியாக இருக்கலாம். எல்லாப் பக்கமும் இல்லையென்றால் மின்சாரமோ பி.பி.யூ.வோ காரணமாக இருக்கலாம்.

இப்போது அந்தத் தாமான்காரர். அவர் விற்பது ஆர்.ஆர்.யூ. அல்ல, பூஸ்டர். டவரிலிருந்து வருவதைப் பெருக்குமே தவிர, தானாக எதையும் உண்டாக்காது. வருவதே இல்லாதபோது எதைப் பெருக்கும்? மலிவுச் சரக்கு தான் விட்ட அலையைத் தானே வாங்கி மறுபடி பெருக்கி ஊளையிடும். அந்த இரைச்சல் டவர்வரை போய் அக்கம்பக்கத்தார் லைனையும் கெடுக்கும். அனுமதியில்லாமல் மாட்டுவது மலேசியாவின் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். சோதனைக்கு ஆள் வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். விற்றவர் போனை எடுக்கமாட்டார். சிரிம் (தரச்சான்று அமைப்பு) ஸ்டிக்கரைக் காட்டுவார், ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, சிம் கம்பெனியே வந்து வைக்கும் ரிப்பீட்டர், அதுவும் அலையைப் பெருக்கும் கருவிதான். கம்பெனியே என்றால் கம்பெனியே. நீங்கள் கொடுத்த புகாருக்கு எண் இருக்கும், வருகிறவர் அந்த எண்ணோடு வருவார், கருவி அவர்கள் அலைவரிசைக்கென்றே சரிசெய்ததாக இருக்கும். 'நான் கம்பெனி ஏஜெண்ட்' என்று ரொக்கம் கேட்பவர் இதில் சேர்த்தியில்லை. அவர் மைத்துனர் அங்கே வேலை செய்தாலும் சேர்த்தியில்லை.

புகாரை சிம் கம்பெனிக்கே கொடுங்கள். டவர் பல இடங்களில் வேறு கம்பெனியுடையது. வெறுமனே 'லைன் இல்லை' என்றால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள், மறுநாள் 'தீர்ந்தது' என்று எஸ்.எம்.எஸ். வரும், டவரில் ஒருவரும் ஏறியிருக்கமாட்டார். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே எழுத்தில் கொடுங்கள்: முகவரி, எந்தத் தேதியிலிருந்து, டவருக்கு எந்தத் திசையில் வீடு, மறுபக்கம் லைன் இருக்கிறதா, டெக்னீஷியன் என்ன சொன்னார். அப்படியும் அசையவில்லையென்றால் அதே புகார் எண்ணோடு தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் புகார்த் தளத்துக்குப் போங்கள். அதுவரை, வீட்டில் வைஃபை இருந்தால் போன் செட்டிங்கில் 'வைஃபை காலிங்' இருக்கிறதா என்று பார்த்துத் திறந்துவிடுங்கள். அதற்கு டவரே தேவையில்லை, 1,200 வெள்ளியும் தேவையில்லை.