முன்பள்ளி ரீச்சரிட்டைக் கேளுங்கோ: மாவும் மண்ணும் மானும்

வணக்கம். திருகோணமலை நகருக்குள்ள ஒரு சின்ன முன்பள்ளியில 19 வருசமாப் படிப்பிக்கிறன். 3 வயசிலயிருந்து 5 வயசு வரை 26 பிள்ளைகள், ஒரு உதவி ரீச்சர், ஒரு வேப்பமரம். வேலிக்கு வெளியில எந்த நேரமும் நாலைந்து மான். கைவேலை, தோட்டம், வீட்டுச் சாமானில செய்யிற விளையாட்டுப் பொருள் பற்றி எதையும் கேளுங்கோ. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருப்பன்.

கேட்க முன்னம் ரெண்டு விசயம். குன்றிமணியில கைவேலை கேட்டு வராதேங்கோ. தண்ணி தேங்கிற எதையும் அலங்காரம் எண்டு செய்யாதேங்கோ. ரெண்டையும் இண்டைக்குப் பல தரம் சொல்லப் போறன் எண்டு எனக்கே தெரியும்.

உப்புவெளி அம்மா: ரீச்சர், விளையாட்டு மா வீட்டில பிசைஞ்சு குடுத்தால் ரெண்டாம் நாளே கையில பிசுபிசு எண்டு ஒட்டுது. என்ன பிழை விடுறன்?

பதில்: பிழை உங்களில இல்லை, கடல் காத்தில. மாவுக்குள்ள போடுற உப்பு காத்திலயிருக்கிற ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும். அடுப்பில வைக்காமல் சும்மா பிசைஞ்ச மா எண்டால் எங்கட ஊரில ரெண்டு நாள் தாங்கினதே பெரிசு.

அடுப்பில கிண்டிப் பாருங்கோ. கோதுமை மா 2 கோப்பை, தூள் உப்பு 1 கோப்பை, தண்ணி 2 கோப்பை, தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 2 மேசைக்கரண்டி. அடுப்பு மூட்ட முன்னமே எல்லாத்தையும் கட்டியில்லாமல் கரைச்சு, தாச்சியில ஊத்தி, மெல்லிய நெருப்பில விடாமல் கிண்ட வேணும். முதல் கஞ்சி மாதிரி நிக்கும். பயந்து போய் மேலும் மா கொட்டாதேங்கோ, அங்கதான் எல்லாரும் கெடுக்கிறது. கொஞ்சத்தில தாச்சியை விட்டுக் கழண்டு ஒரே உருண்டையா வரும். ஆறினதும் நல்லாப் பிசைஞ்சு, மூடி இறுக்கமான டப்பாவில வையுங்கோ. பிறகு ஒட்டத் தொடங்கினால் எறியத் தேவையில்லை, திரும்பத் தாச்சியில போட்டு ரெண்டு நிமிசம் பிரட்டினால் சரி.

நிறத்துக்கு மஞ்சள் தூள் போதும். ஒண்டு கவனம், மஞ்சள் போட்ட மாவைச் சவர்க்காரக் கையோட தொட்டால் சிவக்கும். அதைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு என்ர பிள்ளைகள் ஒரு முழுச் சவர்க்காரத்தையும் கரைச்சுப் போட்டுதுகள். நானும் தடுக்கயில்லை. பீட்ரூட் முதல் நாள் வடிவு, பிறகு மங்கிப்போகும். கீரைச்சாறு மணக்கும், வேண்டாம். மிஞ்சின மாவை நாய் திண்ணிற இடத்தில போடாதேங்கோ. அவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: டீச்சர், பழைய டயருக்கு பெயின்ட் அடிச்சு, முற்றத்தில பூச்சாடி மாதிரி வைக்கலாமா? படத்தில பார்த்தேன், நல்லா இருக்கு.

பதில்: படத்தில மழை பெய்யாது தங்கச்சி. ஐப்பசி கார்த்திகையில எங்கட பக்கம் கொட்டுற மழைக்கு டயரின்ர உள் மடிப்பு முழுக்கத் தண்ணி நிக்கும். 2017இல டெங்கு உங்கட ஊரைப் படுத்தின பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆசையா இருந்தால் கீழ்ப்பக்கம் ஏழெட்டு ஓட்டை போட்டு, உள் மடிப்புக்குள்ள வெற்றிடமே இல்லாமல் மண்ணை இடிச்சு நிரப்புங்கோ. அப்பவும் நான் எண்டால் வைக்கமாட்டன்.

யோகட் கப், சிரட்டை, வெட்டின போத்தல் எல்லாத்துக்கும் இதே கதைதான். தண்ணியை ஊத்திவிட்டால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவ வேணும். நுளம்பு முட்டை காய்ஞ்ச சுவரிலயும் மாதக்கணக்கில உயிரோட ஒட்டியிருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகளையே விட்டுத் தேடச் சொல்லுங்கோ. எங்கட பள்ளியில வெள்ளிக்கிழமையில 'நுளம்புப் பொலிஸ்' வரும், இடுப்பில கையை வைச்சுக்கொண்டு. அதிபர் மேசையிலயிருந்த பூச்சாடித் தட்டையும் ஒருநாள் பிடிச்சுதுகள்.

புதிய ரீச்சர், சாம்பல்தீவு: குன்றிமணி சிவப்பும் கறுப்புமா வடிவா இருக்குதே, மாலை கோர்க்கலாமா அக்கா?

பதில்: இந்தா வந்திட்டுது.

முடியாது. குன்றிமணிக்குள்ள இருக்கிறது கடும் நஞ்சு. தோல் கல்லு மாதிரி, அதால முழுசா விழுங்கின விதை சிலவேளை அப்படியே வெளியில போகும். மாலை கோர்க்க நீங்கள் ஊசியால ஓட்டை போடுவீங்கள். அந்த ஓட்டைதான் நஞ்சுக்குக் கதவு. ஊசி விரலில குத்தினால் கோர்க்கிற உங்களுக்கும் ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படி, மஞ்சள் அலரிக் கொட்டையும் அப்படி. அலரி எங்கட பக்கத்து வேலியெல்லாம் நிக்குது, பிள்ளைகள் விளையாட எடுக்குதுகள். பள்ளி வளவில நிண்டால் இண்டைக்கே தறியுங்கோ.

கோர்க்க வேணும் எண்டால் பப்பாசி இலைத் தண்டைத் துண்டு துண்டா வெட்டிக் குடுங்கோ, உள்ளுக்கு இயற்கையிலேயே ஓட்டை இருக்குது. வெட்டேக்க வடியிற பால் தோலில கடிக்கும், அதால கழுவி ஒருநாள் காயவிட்டுக் குடுக்க வேணும். அளவுக்கு ஒரு சோதனை: டொய்லெட் ரோல் அட்டைக் குழாய்க்குள்ள விழுகிற எந்தச் சாமானையும் 3 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையின்ர கையில குடுக்கிறதில்லை.

தம்பலகாமம் அப்பா: முன்பள்ளிக்குத் தோட்டம் போட எந்த மண் நல்லது?

பதில்: வயல் மண்ணில இருந்துகொண்டு கடல் மணலில நிக்கிற என்னட்டைக் கேக்கிறீங்களே அண்ணை! உங்கட மண்ணில குச்சியை ஊன்டினாலும் தளிர்க்கும். களி கூடி இறுகினால் மட்டும் கொஞ்சம் மணலும் மாட்டெருவும் கலவுங்கோ.

நிலாவெளி ரீச்சர்: எங்கட மணலில ஒண்டும் வருகுதில்லை. மேற்கிலயிருந்து வாற கச்சான் காத்து தொடங்கினால் காலையில ஊத்தின தண்ணி பத்து மணிக்கு இல்லை.

பதில்: இதுதான் கேள்வி. உங்கட நிலைமைதான் என்ர நிலைமையும், ஆறுதலாச் சொல்லுறன்.

முதல் காலம். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடி, ஆவணியில பெரிய தோட்டம் தொடங்காதேங்கோ. மழைக் கடுமை விட்ட தையிலயிருந்து பங்குனி வரைக்கும்தான் பிள்ளைகளின்ர தோட்டத்துக்குக் காலம். மார்கழியில விதைச்ச கீரை வெள்ளத்தோட மிதந்து ரோட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறன்.

பிறகு மண். ரெண்டு வாளி மணலுக்கு ஒரு வாளி நல்லா மக்கின மாட்டெரு, ஒரு வாளி தும்புத்தூள். தும்புத்தூளை அப்படியே போடாதேங்கோ. கடலேரித் தண்ணியில ஊறின மட்டை எண்டால் தூளில உப்பு இருக்கும். சாக்கில கட்டி, நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் ஊறவைச்சுப் பிழியுங்கோ. மேல வைக்கோல் இல்லாட்டிக் காய்ஞ்ச வேப்பிலை பரப்புங்கோ. மேற்குப் பக்கம் ரெண்டு கிடுகை மறைப்பாக் கட்டினால் காத்து நேர அடிக்காது.

பயிர் தெரியிறதில பெரிய ஆக்கள் விடுற பிழை என்னெண்டால், தங்களுக்குக் கறிக்கு வேணுமானதை நடுகிறது. 4 வயசுப் பிள்ளைக்கு 'அடுத்த மாசம்' எண்டு ஒண்டு இல்லை. பயறு இரவு ஊறப்போட்டால் அடுத்த நாளே வால் விடும். கௌபி மூண்டு நாலு நாளில மண்ணைத் தள்ளிக்கொண்டு தலையைத் தூக்கும். முளைக்கீரை ஒரு மாசத்துக்குள்ள சட்டிக்கு வரும். பொன்னாங்காணித் தண்டை ஊன்டினால் போதும். கொத்தமல்லி நடாதேங்கோ, ஒரு கிழமைக்கு மேல ஒண்டும் தெரியாது, பிள்ளைகள் தோண்டிப் பார்த்தே சாகடிச்சுப் போடுங்கள். மிளகாய் வேண்டவே வேண்டாம். அந்தக் கை கண்ணுக்குத்தான் போகும்.

தோண்டிப் பார்க்கிற பிள்ளையைப் பேசாதேங்கோ. கண்ணாடிப் போத்தலின்ர உட்பக்கம் ஈரத்துணி வைச்சு, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில கௌபி விதையைச் செருகிக் குடுங்கோ. வேர் கீழ, முளை மேல, எல்லாம் தெரியும். துணி ஈரமா இருந்தால் போதும். விதை தண்ணியில மிதந்தால் அழுகும்.

உப்புவெளியிலிருந்து இன்னொருவர்: பிளே டோ ஒட்டுது, என்ன செய்யலாம்?

பதில்: முதலாவது பதிலைப் பாருங்கோ.

நகரவாசி: ரீச்சர், மான் பற்றிச் சொல்லயில்லையே. நட்டது எல்லாம் விடியப் பார்த்தால் மொட்டை.

பதில்: சொன்னால் சண்டை வரும் எண்டுதான் விட்டனான். புள்ளிமானுக்குச் செவ்வரத்தை, கௌபி, கீரை எல்லாம் விருந்து. கற்பூரவள்ளி, துளசி, கற்றாழை, பட்டிப்பூ பக்கம் அவ்வளவா வராது. அதுகளை வேலியோரம் வைச்சு, தின்னிறதுகளை உள்ளுக்கு வையுங்கோ. ஆறடிக்குக் குறைஞ்ச வேலியை நம்பாதேங்கோ.

திருக்கடலூர் தகப்பன்: பழைய மீன் வலையைச் சுத்திக் கட்டுங்கோ. செலவில்லை. நான் பத்து வருசமாக் கட்டுறன்.

பதில்: இதுக்குத்தான் பயந்தனான். அண்ணை, நானும் கட்டினனான். ஒருநாள் விடிய ஐந்து மணிக்குக் காவல்கார ஐயா கூப்பிட்டார். கிளைக்கொம்பன் ஒண்டு தலை முழுக்க நைலோன் சுத்தி, இழுத்து இழுத்துக் கழுத்து வெட்டுப்பட்டு நிண்டுது. நாலு பேர் சாக்கால முகத்தை மூடிப் பிடிக்க, கத்தியால ஒவ்வொரு இழையா அறுத்தம். அண்டைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் மூண்டு நாள் பதில் சொன்னனான்.

திருக்கடலூர் தகப்பன்: நீங்கள் தொங்கலாக் கட்டியிருப்பீங்கள். பெரிய கண் வலையைத் தளர்த்திக் கட்டினால் எதுவும் மாட்டும். சின்னக் கண் வலையை விறைப்பா இழுத்துக் கட்டினால் கொம்பு போகாது.

பதில்: தளர்வாத்தான் கட்டியிருந்தனான், உண்மை. ஆனால் உங்கட வலை வெயிலில உக்கி அறுந்து தொங்க எத்தனை மாசம்? ஆர் போய்த் திரும்ப இறுக்கிறது? பள்ளி விடுமுறையில?

கோட்டையடி இளைஞர்: மான்தான் முதல் இந்த ஊரில. தோட்டத்தை விட்டுக் குடுங்கோவன் ரீச்சர். நான் கோட்டை வாசலில ஒவ்வொரு நாளும் பாண் குடுக்கிறன்.

பதில்: தம்பி, பாண் குடுக்கிறது அன்பு இல்லை. அசை போடுற மிருகத்துக்கு மாச்சாமான் கூடினால் வயிறு புளிச்சு வருத்தம் வரும். பாணோட வாற பொலித்தீன் பையையும் அது உப்பு ருசிக்கு நக்கி விழுங்கும். பொலித்தீன் விழுங்கிச் செத்த மானைப் பற்றி இந்த ஊரில கேள்விப்படாத ஆள் இருக்கோ?

கோட்டையடி இளைஞர்: பையை நான் திரும்பக் கொண்டுபோறன்.

பதில்: உங்களைப் பார்த்துப் பின்னால வாற பத்துச் சுற்றுலாக்காரர் கொண்டுபோறாங்களோ?

திருக்கடலூர் தகப்பன்: ரீச்சர், வலைக்கு முடிவு சொல்லுங்கோ.

பதில்: சரி, இவ்வளவுக்கு வாறன். சின்னக் கண், விறைப்பு, இருட்டிலயும் கண்ணுக்குப் படுற மாதிரி முழத்துக்கு ஒரு வெள்ளைத் துணித்துண்டு, விடுமுறை தொடங்கக் கழட்டிறது. இந்த நாலும் செய்ய ஏலும் எண்டால் கட்டுங்கோ. ஏலாது எண்டால் பனைமட்டை வரிச்சு. நான் இப்ப பனைமட்டைதான். விலை கொஞ்சம் கூட, நித்திரை வருகுது.

மூதூர் சகோதரி: கடற்கரையில பொறுக்கிற சிப்பி மணக்குது, எப்படிப் போக்கிறது?

பதில்: உள்ளுக்கு உயிர் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. துறவி நண்டு இருந்தால் திரும்பக் கடலுக்கு. கூம்பு வடிவச் சங்கை உயிரோட பிள்ளை தொடவே கூடாது, கொட்டும், நஞ்சு. வெறும் சிப்பி எண்டால் அவிச்சு, பழைய பல் தூரிகையால தேய்ச்சு, வெயிலில போடுங்கோ. தேசிக்காய்ப் புளியில ஊறப்போடாதேங்கோ, சிப்பி கரையும். ஆனால் ஒரு துளி விட்டுக் காட்டுங்கோ, நுரைக்கிறதைப் பார்த்து நிக்குங்கள். புறாத்தீவிலயிருந்து மட்டும் ஒண்டும் எடுத்து வராதேங்கோ. அது 2003இலயிருந்து தேசிய பூங்கா, முருகைக்கல்லும் அங்கயே கிடக்கட்டும்.

ஒரு தாய்: மகனுக்கு 3 வயசு, இன்னும் ரெண்டு சொல்லுக்கு மேல கதைக்கிறானில்லை. ஏதாவது கைவேலை உதவுமா?

பதில்: அம்மா, இது என்ர மேசைக்கு உரியது இல்லை. நாளைக்கே குடும்பநல உத்தியோகத்தரிட்டைச் சொல்லி வைத்தியசாலைக்குக் கடிதம் எடுங்கோ. முதல் காது கேக்குதோ எண்டு பார்ப்பாங்கள். பொறுத்துப் பார்ப்பம் எண்டு ஆர் சொன்னாலும் கேக்காதேங்கோ.

அனுராதபுரச் சந்தி அம்மா: மகளுக்கு 4 வயசு. பக்கத்து வீட்டுப் பிள்ளை 'அ'விலயிருந்து எல்லாம் எழுதுது. இவள் மாவையும் மண்ணையும் பிசையிறாள். நீங்கள் எழுதப் பழக்கிறதில்லையோ?

பதில்: பிசைஞ்சு பழகாத விரல் பென்சிலை நசிச்சுப் பிடிக்கும், கை நோகும், பிறகு எழுத்தே வெறுக்கும். அவள் இப்ப எழுதத்தான் பழகிறாள். பழைய பேப்பர் கிழிக்கக் குடுங்கோ, தென்னோலையில ஈர்க்குக் கிழிக்கக் குடுங்கோ, ஈரத்துணி பிழியக் குடுங்கோ. வீட்டுக்குக் கொண்டுவாற கைவேலை கோணலா இருந்தால் சந்தோசப்படுங்கோ. நேரா இருந்தால் அது ரீச்சர் செய்தது.

சாம்பல்தீவு ரீச்சர் மறுபடியும்: கூழ்ப் பசையில பூச்சி வருது அக்கா. துரிசு போடச் சொல்லுகினம்.

பதில்: புத்தகம் கட்டிற ஆக்கள் போடுறது, பிள்ளைகளின்ர பசைக்கு இல்லை. துரிசு நஞ்சு, உங்கட பிள்ளைகள் பசையை நக்கும். அண்டண்டைக்குக் காய்ச்சி, மிஞ்சினதைக் கொட்டுங்கோ. இண்டைக்கு நீங்கள் கேட்ட ரெண்டும் நஞ்சு, தங்கச்சி.

நகரவாசி: மஞ்சாடி விதை பாவிக்கலாமோ? குன்றிமணி மாதிரித்தானே?

பதில்: டொய்லெட் ரோல்.

பெயரிடாதவர்: ரீச்சர், மா ஒட்டுது எண்டு கேட்டவைக்குச் சொன்னதைப் பார்த்தன். உப்புக்குப் பதிலாச் சீனி போட்டால் என்ன?

பதில்: எறும்பு.