கடல் கொண்டது போக மிச்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் இத்தாலியில் அமால்ஃபி போய்வந்தோம். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், ஒரு தேவாலயம், எங்கு திரும்பினாலும் எலுமிச்சைப் படம் போட்ட பீங்கானும் சோப்பும். அரை மணியில் ஊர் முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் வெனிஸுக்கு நிகரான கடல் வல்லரசு என்றார் வழிகாட்டி. சுற்றுலாவுக்காகக் கட்டிவிட்ட கதையா? ஆகஸ்டில் மகள் போகிறாள். ஓரிரவு தங்குமளவுக்கு அங்கே ஏதாவது உண்டா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

வழிகாட்டி சொன்னது உண்மைதான். 10ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், அங்குள்ள லோம்பார்டு (அன்றைய தென் இத்தாலி) நகரங்களிலேயே செல்வம் கொழிப்பது அமால்ஃபிதான் என்று எழுதிவைத்திருக்கிறார். உழ நிலமில்லாத ஊர். முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை. 11ஆம் நூற்றாண்டில் ஜெருசலேமில் யாத்ரீகர்களுக்கு விடுதியும் மருத்துவமனையும் நடத்தியவர்கள் இவ்வூர் வணிகர்கள்.

அந்தத் தேவாலயத்துப் படிகளில் நின்று எல்லோரும் படமெடுப்பார்கள். கதவைப் பார்த்தீர்களா? வெண்கலக் கதவு. அதே நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் செய்வித்துக் கப்பலில் கொண்டுவந்தது. செலவை ஏற்றவர் பாந்தலெயோனே என்ற உள்ளூர் வணிகர். கட்டுக்கதைக்கு அவ்வளவு வெண்கலம் யார் வார்ப்பார்கள்?

அப்புறம் ஏன் இத்தனை சின்ன ஊர் என்று கேட்பீர்கள். 1135இலும் 1137இலும் பீசா நகரத்துக் கப்பல்கள் வந்து சூறையாடின. மிச்சத்தை 1343 நவம்பரில் கடலே எடுத்துக்கொண்டது. அந்தப் புயலில் ஊரின் கீழ்ப்பகுதியும் துறைமுகமும் போய்விட்டன. கப்பல் கட்டிய கூடத்தில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. நீங்கள் பார்த்தது பழைய ஊரின் மேல்பாதி மட்டும்தான்.

சந்தேகப்பட்டே தீரவேண்டுமென்றால் கடற்கரையில் நிற்கிற ஃப்ளாவியோ ஜோயா சிலையைச் சந்தேகப்படுங்கள். திசைகாட்டியைக் கண்டுபிடித்தவராம். அப்படி ஒருவர் வாழவே இல்லை என்பதுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. ஃப்ளாவியோ என்ற வரலாற்றாசிரியர் சொன்ன செய்தி இது என்று ஒருவர் எழுதப்போக, பின்னால் வந்தவர்கள் கமாவைத் தப்பாகப் படித்து அவரையே கண்டுபிடிப்பாளராக்கிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த அமால்ஃபி கடலோரத்தில் இல்லை. கடைத்தெருவில் நேராக மேலே ஏறினால், பழைய காகித ஆலைகள் இருக்கும் ஆலைப் பள்ளத்தாக்கு வரும். அந்தத் தெருவே கன்னேத்தோ ஆற்றின் மேல் போட்ட மூடிதான். ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, கனத்த மரச் சம்மட்டிகள் கல்தொட்டியில் கிடக்கும் பழந்துணியை இடித்துக் கூழாக்கும். கம்பிவலைச் சட்டத்தை அதில் முக்கித் தூக்கினால் ஒரு தாள். 1231இல் இந்தப் பகுதியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃப்ரெடரிக், அரசுப் பத்திரங்களைத் தாளில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். தாள் நாள்பட நிற்காதென்று பயம். பழைய ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், இடித்தும் காட்டுகிறார்கள். பாதிப் பேர் அதுவரை ஏறுவதே இல்லை.

மகளுக்கு: ஓரிரவு கட்டாயம் தங்கலாம். ஆனால் ஆகஸ்ட் வேண்டாம். இத்தாலியே விடுமுறையில் அங்கேதான் இருக்கும், அந்த ஒற்றைச் சாலையில் பஸ் நகராது. மே மாதம் என்றால் உத்தமம். பக்கத்துத் துறைமுக நகரமான சலேர்னோவிலிருந்து படகில் வரச் சொல்லுங்கள். அறை வாடகை கையைக் கடித்தால் பக்கத்து ஊர் அத்ரானியிலும் பார்க்கலாம், நடந்தே வந்துவிடுகிற தூரம்தான்.