நெருப்பு அணைந்த பிறகு

வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் கிராமத்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, உள்நாட்டுப் போரில் நடந்ததைப் பேசி மன்னிக்கிறார்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் ஒருவன் வந்து ‘மன்னித்துவிடு’ என்கிறான். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியுமா? கொன்றவனுக்கு இது ரொம்பச் சுலபமாக இல்லையா? தண்டனை எங்கே?

எம்., தேனி

*

அன்புள்ள எம்.,

இந்தக் கேள்வியை அந்தக் கட்டுரையிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். விட்டது என் தவறு.

முதலில் தண்டனை. 1991இல் தொடங்கிய போர் 2002இல் முடிந்தது. நடுவே 1999இல், டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் போட்ட சமாதான ஒப்பந்தம் போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டது. பிறகு ஐ.நா.வும் அரசும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது, பக்கத்து நாடான லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லரையும் சேர்த்து 9 பேரைத்தான். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் சிறுவயதில் கடத்தப்பட்டு, போதை ஏற்றி, கையில் துப்பாக்கி திணிக்கப்பட்ட பிள்ளைகள். கொன்றவன் என்று நாம் சொல்கிறவனே அந்த ஊர் பறிகொடுத்த பிள்ளையாகவும் இருப்பான். இருக்கிறது நாலு வீடு தள்ளி. தண்ணீர் எடுப்பது அதே கிணற்றில்.

நீதிமன்றத்தின் நிழல்கூட எட்டாத இந்த ஊர்களுக்காகத்தான் ஜான் கால்கர் 2007இல் ‘ஃபம்புல் டோக்’ அமைப்பைத் தொடங்கினார். அங்கே பொதுவாகப் பேசும் கிரியோ மொழியில் ‘குடும்பப் பேச்சு’ என்று பொருள். வேலை முடிந்து, இருட்டிய பிறகு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பது அங்கே பழைய பழக்கம். போர் தொடங்கிய கைலாஹுன் மாவட்டத்தில்தான் 2008இல் முதல் நெருப்பை மூட்டினார்கள்.

ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை இது. வாரக்கணக்கில் ஊர்க்காரர்களிடமே பேசி, ஊரிலிருந்தே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அப்புறம்தான் விறகு அடுக்குகிறார்கள். ஒரு பெண் எழுந்து நின்று நடந்ததைச் சொல்வாள். ‘செய்தவன் இங்கேதான் இருக்கிறான்’ என்பாள். கூட்டத்திலிருந்து அவன் எழுந்து வர வேண்டும். நெருப்பு வெளிச்சத்தில் எல்லோருக்கும் முகம் தெரிய, ஆமாம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு அவள் காலடியில் குனிவான். அவள் அவன் மேல் கை வைத்தால் மன்னித்துவிட்டாள் என்று பொருள். மறுநாள் முன்னோரை வேண்டிச் சடங்கு, அப்புறம் ஊருக்கே சாப்பாடு.

ஊர் முன்னால் ஒத்துக்கொள்வது சுலபம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கையை வைக்கிறவளுக்கு என்ன ஆகிறது? உங்களைத் தூங்கவிடாதது இதுதானே?

அதற்குப் பதில் இருக்கிறது, கசப்பான பதில். 200 கிராமங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நெருப்பு மூட்டிய ஊர்களில் மன்னிப்பு கூடியிருந்தது. ஒருவரை ஒருவர் நம்பினார்கள், பொதுவேலைக்கு அதிகம் வந்தார்கள். அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும், போரின் கொடுமை திரும்பத் திரும்ப மனத்தில் எழும் நோயும் கூடியிருந்தன. இரண்டரை ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தன. ஊர் தேறியது, ஆட்கள் நொந்தார்கள். ஆறியும் ஆறாமலும் இருந்த புண்ணைக் கீறிவிட்டு, மருந்து வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. போர் முடிந்து பல ஆண்டுகள் வரை அந்த நாடு முழுமைக்கும் ஒரே ஒரு மனநல மருத்துவர்தான் இருந்தார்.

இதற்காக நெருப்பே மூட்டக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பயந்துகொண்டே ஒரு ஆயுள் முழுக்க இருப்பதும் கொடுமைதான். ஆனால் ஊர் நிம்மதிக்கான விலையை ஏற்கெனவே எல்லாம் இழந்தவளிடமே மறுபடி வாங்குவது அநியாயம். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார்கள், சரி, நம்புகிறேன். இருந்தாலும் ஒரு சின்ன ஊரில் எல்லோரும் போகும்போது ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்துவிட முடியுமா?

அங்கே என் நம்பிக்கையெல்லாம் ‘சமாதானத் தாய்மார்’ குழுக்கள்மீதுதான். நெருப்புக்குப் பிறகு ஊர்ப் பெண்கள் கூடி நடத்துவது. ஒன்றாகப் பயிர் வைக்கிறார்கள், சேமிக்கிறார்கள். நெருப்பு ஒரு ராத்திரி, பயிர்வேலை வருஷம் முழுக்க. கை வைத்தவள் நாலு மாதம் கழித்து ராத்திரியில் அலறி எழுந்தால், அது பக்கத்தில் களை பறிக்கிறவளுக்குத்தான் முதலில் தெரியும். பணம் கொடுக்கிறவர்கள் விறகுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல், அவள் வீட்டுக்கு அடுத்த வாரமும் அடுத்த வருஷமும் யாராவது போய்வருவதற்குக் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லி வராமலே இருந்துவிட்டவள் வீட்டுக்கும்தான்.