சிவப்பு லைற் எரிஞ்சா ஓடாதேங்கோ: கார் பிறேக் பற்றி வந்த கேள்வியள்

கேள்வி: அண்ணை வணக்கம், நாங்கள் கொக்குவில். ரெண்டு மாதத்துக்கு முன்னம் ஒரு கார்சேலில ஜப்பான் ஹைபிரிட் செடான் ஒண்டு எடுத்தம், பாதி கைக்காசு பாதி லீசிங். எடுத்த கிழமையில இருந்தே பிறேக் மிதிக்க முன்பக்கத்தில மோட்டர் இரையிற மாதிரி ஒரு சத்தம். போன கிழமை பிள்ளையளோட கிளிநொச்சிக்குப் போகேக்க பளை தாண்டி மாடு ஒண்டு குறுக்க வந்திட்டுது, பிறேக் அடிச்சா பெடல் இறுகிப்போச்சு, எழும்பி நிண்டு மிதிச்சமாதிரி மிதிச்சுத்தான் நிப்பாட்டினன். டாஷ்போட்டில சிவப்பு பிறேக் லைற்றும் மஞ்சள் ஏபிஎஸ் லைற்றும் சேர்ந்து எரிஞ்சு பீப் அடிச்சுக்கொண்டே இருந்தது. கார்சேல்காரரிட்ட சொன்னா “ஹைபிரிட் எண்டா உப்பிடித்தான், சென்சர் பிழை, பயப்பிடாமல் ஓடுங்கோ” எண்டீனம். வொறண்டி எஞ்சின், கியர்பொக்ஸ், ஹைபிரிட் பற்றறிக்கு மட்டுந்தானாம். காசைத் திருப்பிக் கேக்கலாமோ?

பதில்: தம்பி, காசைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல்ல அந்தக் காரை ஓடாதேங்கோ, பக்கத்துக் கடைக்கும் வேண்டாம். கராஜுக்குக் கொண்டுபோகிறதெண்டாலும் ஏத்தித்தான் கொண்டுபோகவேணும். ஏபிஎஸ் எண்டிறது சடாரெண்டு மிதிக்கேக்க சில் இறுகிச் சறுக்காமல் பாக்கிற அமைப்பு, அந்த மஞ்சள் லைற் தனிய எரிஞ்சா பொதுவா சாதாரண பிறேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டுந்தான் இல்லை. சிவப்பும் சேர்ந்து எரிஞ்சு, பெடலும் இறுகி, பீப்பும் அடிச்சா அது வேற கதை. ஹான்ட்பிறேக் வடிவா இறங்கியிருக்கோ, பிறேக் ஒயில் குறைஞ்சிருக்கோ எண்டு ஒருக்கா பாருங்கோ, ரெண்டும் சரியெண்டாலும் வாகனத்தை அப்பிடியே நிப்பாட்டி வையுங்கோ. உப்பிடி ஒரு காரைப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரரிட்ட “ஓடுங்கோ” எண்டு சொல்லிறது பெரிய பிழை, அதை நான் பூசி மெழுகிச் சொல்லமாட்டன்.

உள்ளுக்க என்ன நடக்குதெண்டு விளங்கினாத்தான் நீங்கள் அவையளோட கதைக்கலாம். சாதாரண பெற்றோல் காரில எஞ்சின்ர வக்கூம்தான் பெடலை லேசாக்கும். கன ஹைபிரிட்டில அது இல்லை, கரண்டில ஓடுற ஒரு சின்னப் பம்ப் பிறேக் ஒயிலை அழுத்தி அக்குமுலேற்றர் எண்ட ஒரு குடுவைக்குள்ள சேமிச்சு வைக்கும், நீங்கள் மிதிக்கேக்க அந்த அழுத்தந்தான் உதவிக்கு வரும். கதவைத் திறக்க ஒருக்கா சின்னதா இரைஞ்சு நிக்கிற சத்தம் வழமையானது. ஆனா ஒவ்வொரு மிதிக்கும் இரையுது, சும்மா நிக்கேக்கயும் நிமிசத்துக்கொருக்கா இரையுது எண்டா அழுத்தம் எங்கையோ கசியுது. ஒழுகிற தண்ணி ராங்குக்கு மோட்டர் திரும்பத் திரும்பப் போடுறமாதிரி பம்பும் ஓயாமல் ஓடி ஒருநாள் கைவிட்டிடும், பிறகு உங்கட காலின்ர பலம் மட்டுந்தான். பிறேக் ஒரேயடியா இல்லாமப் போகாது, ஆனா கார் நிக்கிற தூரம் நல்லாக் கூடிப்போகும். உங்களுக்கு பளையில நடந்ததும் அதுதான் போல கிடக்கு, காரில ஸ்கானர் கருவியைப் பூட்டி ஸ்கான் பண்ணினாத்தான் உறுதியாச் சொல்லலாம்.

இது இல்லாத பொல்லாத பயமில்லை. 2010 பெப்ரவரியில டொயோட்டா தன்ர பிரியஸ் காரை ஏபிஎஸ் மென்பொருளுக்காக உலகம் முழுக்கத் திருப்பி அழைச்சது, 2013 ஜூனில திரும்பவும் பிரியஸ், லெக்ஸஸ் எச்எஸ் 250எச் எண்டு ஏறத்தாழ 242,000 வாகனங்கள், அந்த முறை பிழை இதே அக்குமுலேற்றர் பக்கந்தான். உங்கட கார் எந்த மொடலெண்டு நீங்கள் எழுதேல்லை, அதால புக்கில இருக்கிற சாசி நம்பரை எடுத்து கொம்பனியின்ர ஜப்பான் ரீகோல் (திருப்பி அழைக்கிற) இணையப் பக்கத்தில போட்டுப் பாருங்கோ. ஜப்பான் மொழியில தான் இருக்கும், போனில மொழிபெயர்த்துப் பாத்தாக் காணும். திருத்தாத ரீகோல் ஏதும் இருந்தா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ.

அடுத்தது, கார்சேல் சொல்லிற கராஜ் இல்லாமல் வேற ஒரு ஹைபிரிட் கராஜில ஸ்கான் பண்ணி, பிழையைக் காட்டிற கோட் நம்பரோட ரிப்போர்ட்டை பேப்பரில வாங்குங்கோ. டொயோட்டா வகையெண்டா சி1391, சி1256 மாதிரி நம்பர்கள் வந்தா அக்குமுலேற்றர் அழுத்தம் கசியுது, குறைஞ்சுபோச்சு எண்டு அர்த்தம். ரிப்போர்ட் கையில வரமுன்னம் கோட்டை அழிக்க விடாதேங்கோ, லைற்றை அணைச்சிட்டு “சரியாக்கிட்டம்” எண்டு சாவி தாற ஆக்கள் இருக்கீனம். கார் நிண்டபடி லைற் எரியிறதையும் பம்ப் இரையிறதையும் போனில வீடியோவா எடுங்கோ.

இனி காசு. 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தில முறைப்பாட்டை எழுத்தில, வித்து மூண்டு மாதத்துக்குள்ள குடுக்கவேணும். உங்களுக்கு ரெண்டு மாதம் போயிட்டுது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்லுறன், “அடுத்த கிழமை பாப்பம், பாட்ஸ் வருது” எண்டு அவையள் இழுக்க நீங்கள் காத்திருந்தா அந்த மூண்டு மாதம் போயிடும். வொறண்டிப் பேப்பரில பிறேக் இல்லையெண்டு மனம் விடாதேங்கோ, எழுதிக்குடுத்த உத்தரவாதத்தை மட்டுமில்லை, வித்ததிலேயே அடங்கியிருக்கிற உத்தரவாதத்தையும் சட்டம் பாக்கும். விசாரிச்சு உங்கட பக்கம் சரியெண்டா நட்ட ஈடோ, மாத்திக் குடுக்கவோ, காசைத் திருப்பவோ சபை உத்தரவு போடலாம். “இருக்கிற நிலைமையில ஏற்றுக்கொள்கிறேன்” எண்டு எங்கையாவது கையெழுத்து வைச்சிருந்தா விசயம் கொஞ்சம் இறுகும், அந்தப் பேப்பரை ஒரு சட்டத்தரணியிட்டயும் காட்டுங்கோ.

முதல்ல கார்சேலுக்கு பதிவுத் தபாலில ஒரு கடிதம்: எடுத்த திகதி, பளையில நடந்தது, ஸ்கான் கோட், என்ன வேணும் (திருத்தமோ, காசோ), எத்தினை நாளுக்குள்ள. அதின்ர பிரதியோட பில், ஒப்பந்தம், விளம்பரத்தின்ர ஸ்கிரீன்சொட், ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து கச்சேரியில விசாரிச்சு சபையின்ர ஆக்களிட்ட குடுங்கோ, சபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு எடுத்தும் கேக்கலாம். முழுக்காசும் வரும் எண்டு நான் வாக்குத் தரேல்லை, ஆனா திருத்தச் செலவை அவையின்ர தலையில போட நல்ல இடம் இருக்கு. கோவத்தில லீசிங் தவணையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ, புக்கில சொந்தக்காரர் லீசிங் கொம்பனி, அவை வாகனத்தைத் தூக்கினா முறைப்பாடு செய்யிறதுக்கு கையில காரும் இராது.

அவையே திருத்தித் தாறம் எண்டா பம்ப் புதுசோ, கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுத்த பழசோ எண்டு பில்லில எழுதச் சொல்லுங்கோ. பழசெண்டா அதுக்கும் தனி வொறண்டி வேணும். உந்த வகைப் பிறேக்கில குழாய்க்குள்ள நிக்கிற காத்தை வெளியில எடுக்கிறதுக்கும் ஸ்கானர் வேணும், அது இல்லாத கராஜில குடுக்காதேங்கோ.

கேள்வி: பருத்தித்துறையில இருந்து எழுதுறன். சேர்விசுக்குப் போற நேரமெல்லாம் பிறேக் ஒயில் மாத்தச் சொல்லீனம். காசு புடுங்கிற வேலையோ?

பதில்: ஒவ்வொரு சேர்விசுக்கும் தேவையில்லை, ஆனா ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்தத்தான் வேணும். பிறேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். டொட் 3 ஒயில் புதுசா இருக்கேக்க குறைஞ்சது 205 பாகை செல்சியசிலதான் கொதிக்கவேணும், ஈரம் ஏறினா அந்த அளவு 140க்கு இறங்கும், கொதிச்சு ஆவியானா பெடல் பஞ்சுபோல உள்ள போகும். மூடியில டொட் 3ஓ 4ஓ எண்டு எழுதியிருக்கும், அதையே ஊத்துங்கோ, எஞ்சின் ஒயில் ஒரு சொட்டும் படக்கூடாது, றப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.

கேள்வி: புகைச் சோதனை பாஸ் எண்டா பிறேக்கும் சரிதானே?

பதில்: இல்லை. அங்க பாக்கிறது புகையை மட்டுந்தான். பழைய கார் எடுக்கப்போறீங்களெண்டா காசு குடுக்கமுன்னம் நாலு சில்லையும் கழட்டி, பாட், டிஸ்க், குழாய் எல்லாம் உங்கட மெக்கானிக்கைக்கொண்டு பாருங்கோ. ஹைபிரிட்டில மோட்டரே கன நேரம் வேகத்தைக் குறைக்கிறதால டிஸ்க் உரசுறது குறைவு, கடற்கரைப் பக்கம் நிண்ட காரெண்டா அதில கறள் பிடிச்சிருக்கும். சில்லைக் கழட்ட விடமாட்டன் எண்டு சொல்லிற ஆளிட்ட கார் எடுக்காதேங்கோ.