கேள்வி – பதில்: ஒரே பானை, பல குழல்கள்

கேள்வி: கென்யாவின் லூயா முதியவர்கள் ஒரு மண்பானையைச் சுற்றி அமர்ந்து, நீண்ட குழல்களால் உறிஞ்சிக் குடிக்கும் படத்தைப் பார்த்தேன். அந்தப் பானை அவர்களுக்கு வெறும் பாத்திரமா, சடங்குப் பொருளா? – வாசகர், தேனி

பதில்: இரண்டும்தான். மேற்குக் கென்யாவில் ககமேகா, புங்கோமா, விகிகா, புசியா மாவட்டங்களில் வாழும் லூயா மக்களின் தொகை, 2019 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 68 லட்சம். புக்குசு, மரகோலி, இசுக்கா, வாங்கா எனக் கிளைகள் பல. வழக்கம் கிளைக்குக் கிளை மாறும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்தது 'புசா' என்னும் தானிய மதுவை அருந்தும் காட்சி. புளித்த மக்காச்சோள மாவை வறுத்து, முளைகட்டிய கேழ்வரகின் மாவும் நீரும் சேர்த்து நொதிக்கவைத்தால் புசா கிடைக்கும். (கேழ்வரகின் பூர்விகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான்.) அதைப் பெரிய பானையில் ஊற்றி, சுடுநீர் கலந்து, உமி வாய்க்குள் வராதபடி நுனியில் வடிகட்டி பொருத்திய குழல்களால் குடிப்பார்கள். தனிக் கோப்பை என்றால் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடலாம். குழலின் மறுமுனை பானைக்குள் இருக்கும்வரை பக்கத்தில் இருப்பவரோடு பேசித்தான் ஆக வேண்டும். பானையின் பண்பாட்டு மதிப்பு பெரிதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். பெண் கேட்டுப் பரிசம் பேசும்போதும், ஈமச் சடங்கிலும், புக்குசு கிளையினர் இரட்டைப்படை ஆண்டுகளின் ஆகஸ்டு மாதத்தில் சிறுவர்களுக்கு விருத்தசேதனம் செய்யும்போதும் புசா காய்ச்சப்படுவதால், மரபுப்படி நடக்கும் அந்த நிகழ்ச்சிகளில் பானைக்கு முக்கிய இடம் உண்டு.

கேள்வி: அந்தப் பானைகளை வனைபவர்கள் யார்? சக்கரம் உண்டா? – வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் பெண்களே. முதிய ஆண்கள் கூடிக் குடிக்கும் பானை பெண்களின் விரல்களில் உருவானது என்பது கவனிக்கத்தக்கது. சக்கரம் கிடையாது. சதுப்பிலும் ஆற்றோரத்திலும் தோண்டிய களிமண்ணைப் பிசைந்து, கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, இடைவெளி தெரியாமல் விரலால் இழைத்து மேலே கொண்டுபோவார்கள். ஈரம் காயுமுன், பின்னிய சிறு நார்க்கயிற்றைக் கழுத்துப் பகுதியில் உருட்டுவார்கள். தானிய மணிகளை வரிசையாகப் பதித்தாற்போல் ஒரு கோலம் விழும். பிறகு நன்கு உலர்த்தி, புல்லும் விறகும் மூடித் திறந்த வெளியிலேயே சுடுவார்கள். ககமேகாவுக்கு அருகே சாலையோரத்தில் உள்ள இலெசி என்ற ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. இன்று அங்கே பூந்தொட்டிகளும் விற்கிறார்கள்.

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் தண்ணீர்ப் பானையின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. ஆனால் கீரை விஷயத்தில் மண்சட்டி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 'மிரெண்டா' என்னும் வழுவழுப்பான கீரையை, தாவரச் சாம்பலில் நீரூற்றி வடித்த காரநீர் விட்டு மண்சட்டியில் வேகவைத்தால்தான் ருசி என்று சொல்லும் பாட்டிகள் அங்கே இன்னமும் இருக்கிறார்கள்.