20 வருஷக் கணக்க புது சாஃப்ட்வேருக்கு அப்படியே ஏத்தணுமா?

கேள்வி: வணக்கம் சார். கடலூர் குண்டு உப்பலவாடியில இருந்து எழுதுறேன். சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில ஸ்டோர்ஸ்ல இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். 2004-ல இருந்து வீட்டு வரவு செலவு பூரா மைக்ரோசாஃப்ட் மணியிலதான் போட்டு வரேன், ஒரு நாள் விட்டதில்ல. பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், இப்ப தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ஃபெஞ்சல் புயலப்போ தென்பெண்ணை தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப நான் முதல்ல சி.பி.யு-வத்தான் தூக்கி பரண் மேல வச்சேன், வீட்டுக்காரி இன்னும் அத சொல்லிக் காட்டுறா. பையன் லாஸ்பேட்டையில இருக்கான், "எல்லாம் போன் ஆப்ல வந்துருச்சுப்பா, எஸ்.எம்.எஸ் படிச்சு அதுவே கணக்கு எழுதிக்கும், அந்தக் குப்பைய தூக்கிப் போடு"ங்கிறான். எனக்கு இருபது வருஷ டேட்டா போயிடுமோன்னு பயம். 140 கேட்டகரி, 19 அக்கவுண்ட் இருக்கு. எதுக்கு மாறுறது, எப்படி மாறுறது? இன்னொன்னு, எனக்கு ஏதாவது ஆனா வீட்டுக்காரிக்கு இத திறக்கவே தெரியாது.

பதில்: சார், வணக்கம். சி.பி.யு கதைய படிச்சிட்டு சிரிச்சேன், அப்புறம் நீங்க கடைசியா எழுதின அந்த ஒரு வரியப் பாத்துட்டு சிரிப்பு நின்னு போச்சு. அதுக்கு கடைசியில வரேன்.

முதல்ல உங்க பயத்துக்கு. மைக்ரோசாஃப்ட் மணிய அந்தக் கம்பெனியே 2009-ல நிறுத்திட்டாங்க, அப்புறம் சன்செட்னு பேர் வச்சு ஒரு இலவச எடிஷன் விட்டாங்க, நீங்க ஓட்டிட்டு இருக்கறது அநேகமா அதுதான். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னாச்சு. அதனால மாறத்தான் வேணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா மாறுறதுன்னா இருபது வருஷத்து ஒவ்வொரு என்ட்ரியையும் தூக்கிட்டுப் போய் புது இடத்துல கொட்டறதுன்னு நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் நான் உங்கள தடுக்கணும்.

நீங்க ஸ்டோர்ஸ்ல இருந்தவர், உங்களுக்கு நான் சொல்லணுமா. வருஷ முடிவுல பழைய லெட்ஜர் நிரம்பிப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? 31 மார்ச் ராத்திரி ஸ்டாக் எடுப்பீங்க, ரேக்குல இருக்கறத எண்ணுவீங்க, ரேக்குல தொங்குற இருப்பு அட்டை, அந்த பின் கார்டோட சரி பாப்பீங்க, புது லெட்ஜர்ல முதல் வரியில ஓப்பனிங் ஸ்டாக்னு எழுதுவீங்க, பழசு பீரோவுக்குப் போயிடும். 2004-ல வாங்கின போல்ட் நட் ரசீத யாராவது புது லெட்ஜர்ல திரும்ப காப்பி பண்ணுவாங்களா? வீட்டுக் கணக்குக்கும் அதே வழிதான். ஏப்ரல் 1 தேதிக்கு ஒவ்வொரு அக்கவுண்ட்லயும் என்ன இருக்கோ அத ஓப்பனிங் பேலன்ஸா போட்டு ஆரம்பிங்க. நடு வருஷத்துல மாறுனா அந்த மாசம் 1-ம் தேதி.

இத நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது சார். 2012-ல நானும் ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொன்னுக்கு மாறினேன், பத்து வருஷ டேட்டாவையும் க்யூ.ஐ.எஃப் ஃபைலா (ஒரு கணக்கு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொன்னுக்கு மாத்துற ஃபைல் வகை) எடுத்து ஒரே ராத்திரியில உள்ள ஏத்திட்டேன், ஏத்தினதும் பெருமையா காபி குடிச்சேன். காலையில பாத்தா எஸ்.பி அக்கவுண்ட்ல என்கிட்ட இல்லாத நாலு லட்சம் இருக்கு. என்னடான்னு பாத்தா, ஒரு பேங்க்ல இருந்து இன்னொரு பேங்குக்கு மாத்தின பணம் ரெண்டு ஃபைல்லயும் இருக்கில்ல, அது ரெண்டு தடவ ஏறியிருக்கு. அதோட தேதி. அமெரிக்காக்காரன் மாசத்த முதல்ல எழுதுவான், நாம நாள முதல்ல எழுதுவோம், அதனால மார்ச் 4 எல்லாம் ஏப்ரல் 3 ஆயிடுச்சு, ஆனா மார்ச் 13 மட்டும் ஒழுங்கா இருக்கு ஏன்னா 13-வது மாசம்னு ஒன்னு இல்லையே. பாதி சரி பாதி தப்பு, இத விட மோசம் எதுவும் கிடையாது. ஒரு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து திருத்தினேன், கடைசியில எல்லாத்தையும் அழிச்சிட்டு ஓப்பனிங் பேலன்ஸ் போட்டு ஆரம்பிச்சேன். அன்னிக்கி எழுதின கணக்குதான் இன்னிக்கும் ஓடுது.

அதுக்காக பழசு வேணாம்னு சொல்லல. கம்ப்யூட்டர் உயிரோட இருக்கும்போதே, இந்த வாரமே, ஒவ்வொரு அக்கவுண்டா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அந்த ஒரிஜினல் ஃபைலையும் காப்பி எடுங்க, அதுக்கு பாஸ்வேர்ட் இருந்தா பேப்பர்ல எழுதி வைங்க. அதோட வருஷா வருஷம் ரிப்போர்ட்ட பி.டி.எஃப்-ஆ போட்டுக்கங்க. சாஃப்ட்வேர் செத்தாலும் பி.டி.எஃப் திறக்கும், அதான் விஷயம்.

இப்ப, பழசுல இருந்து கையால எடுத்து புதுசுல எழுதியே ஆக வேண்டியது கொஞ்சம் இருக்கு. எதுன்னா, என்னிக்காவது விக்கப் போற சொத்தோட வாங்கின தேதியும் வாங்கின விலையும். மளிகை பில் 2009-ல என்ன ஆச்சுங்கறது யாருக்கும் வேணாம் (உங்களுக்குத் தவிர). ஆனா அந்த வருஷம் மாடி கட்டியிருந்தா கொத்தனாருக்கு, கம்பிக்கு, சிமெண்டுக்கு குடுத்த பணம் வேணும், ஏன்னா நாளைக்கு வீட்ட வித்தா லாபக் கணக்குல அந்தக் கட்டுமானச் செலவ கழிச்சுக்கலாம். 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின வீடு, மனைக்கு பழைய முறையில வாங்கின விலையோட பணவீக்கத்த கூட்டிட்டு லாபத்துக்கு 20 பர்சென்ட் வரி, இல்ல கூட்டாம 12.5 பர்சென்ட், எது கம்மியோ அத கட்டலாம்னு இருக்கு, அந்தக் கணக்கப் போடவே எந்த வருஷம் எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு தெரிஞ்சாகணும். மனைய 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கியிருந்தா 2001 ஏப்ரல் 1 தேதி மதிப்ப விலையா எடுத்துக்கலாம், அந்தப் பத்திரத்தையும் தேடி வைங்க. ஒன்னு மட்டும் பாத்துக்கங்க, 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப ஓடு பறந்து திரும்ப மாத்தின செலவு ரிப்பேர்தான், அது இதுல சேராது. மாடி கட்டுனது சேரும், ஓடு மாத்துனது சேராது.

ஷேர் இருந்தா 2018 பிப்ரவரி 1-க்கு முன்னாடி வாங்கினதுக்கு 2018 ஜனவரி 31 விலைய வச்சு வரியில ஒரு சலுகை இருக்கு, அதனால வாங்கின தேதி முக்கியம். மியூச்சுவல் ஃபண்டுக்கு நீங்க கஷ்டப்படவே வேணாம். ஃபண்ட் கம்பெனிகளுக்கு கணக்கு வச்சுக் குடுக்கற கேம்ஸ், கேஃபின்டெக் ரெண்டும் சேந்து குடுக்கற கன்சாலிடேட்டட் ஸ்டேட்மென்ட் இருக்கு, ஈமெயில் ஐடி போட்டு டீட்டெயில்டுன்னு கேட்டு, ஆரம்ப தேதிய ரொம்ப பின்னாடி தள்ளிக் குடுத்தா மாசா மாசம் போடுற எஸ்.ஐ.பி-ல முதல் தவணையில இருந்து எல்லாம் மெயில்ல வந்துடும், காசு கிடையாது. நீங்க இருபது வருஷமா டைப் பண்ணினது அவங்ககிட்ட இருக்கு சார், கோச்சுக்காதீங்க.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டீங்க. உங்களுக்கு நான் சொல்றது குனுகேஷ் (GnuCash). இலவசம், விண்டோஸ்ல ஓடும், ஃபைல் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், ஏதோ ஒரு கம்பெனி ஒரு நாள் காலையில கடைய மூடிட்டுப் போயிட்டா நாம நடுத்தெருவுல நிக்க வேண்டியதில்ல. அமெரிக்காவுல மின்ட்னு ஒரு ஆப், லட்சக்கணக்கான பேர் வச்சிருந்தது, 2024 மார்ச்ல மூடிட்டாங்க. குனுகேஷ் பாக்க அழகா இருக்காது, முதல் வாரம் திட்டுவீங்க. அது டபுள் என்ட்ரி, பணம் எங்கிருந்து வந்துச்சு எங்க போச்சுன்னு ரெண்டு பக்கமும் கேக்கும். ரிசீட், இஷ்யூ ரெண்டும் எழுதிப் பழகின கை உங்களுது, எனக்கு ஆன டைம் உங்களுக்கு ஆகாது.

140 கேட்டகரிய மட்டும் தயவு செஞ்சு கொண்டு போகாதீங்க. பதினஞ்சு போதும். கற்பூரம் தனி, பூ தனி, தேங்கா தனின்னு வச்சிருப்பீங்கன்னு அடிச்சுச் சொல்லுவேன், எல்லாம் கோயில் செலவுன்னு ஒன்னாப் போடுங்க.

பையன் சொல்ற போன் ஆப் கெட்டதில்ல, செலவு எங்க ஓடுதுன்னு மேலோட்டமா பாக்க நல்லாதான் இருக்கும். ஆனா அது எஸ்.எம்.எஸ் வந்தாத்தான் எழுதும். முதுநகர் துறைமுகத்துல காசு குடுத்து வாங்குற மீனு அதுக்குத் தெரியாது, சில பேங்க் இப்ப சின்ன யு.பி.ஐ தொகைக்கு எஸ்.எம்.எஸ்ஸே அனுப்பறதில்ல, உங்க பேங்க்ல இருந்து வீட்டம்மா பேங்குக்கு போட்டத செலவுன்னு எழுதிடும், கிரெடிட் கார்டுல பெட்ரோல் போட்டப்ப ஒரு செலவு அப்புறம் கார்டு பில்ல கட்டினப்ப இன்னொரு செலவுன்னு ரெண்டு வாட்டி காட்டும். இதெல்லாம் கையால திருத்தலாம், திருத்தறதுக்கு பதில் நேரா எழுதிடலாமேன்னுதான் எனக்குத் தோணும். அதோட உங்க எஸ்.எம்.எஸ் பூரா படிக்கிற ஆப் இலவசமா வந்தா, அது நாளைக்கு உங்களுக்கே லோன் விக்க வரும், அவ்வளவுதான். பேங்க் விவரம் தானா வரணும்னா ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் குடுத்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் (உங்க சம்மதத்தோட பேங்க் விவரத்த வாங்கிக் குடுக்கற நடுக் கம்பெனி) வழியா வர்ற ஆப்பா பாருங்க, அதுல பாஸ்வேர்ட் கேக்க மாட்டாங்க, ஓ.டி.பி போட்டு எத்தன நாளைக்குன்னு சம்மதம் குடுக்கறீங்க, வேணாம்னா திரும்ப எடுத்துக்கலாம். நெட் பேங்கிங் பாஸ்வேர்ட கேக்குற ஆப் எதுவா இருந்தாலும் அங்கயே டிலீட்.

ஓப்பனிங் பேலன்ஸ் போடும்போது ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிடறேன். 19 அக்கவுண்ட்ல ஒன்னு கண்டிப்பா யாருக்கோ குடுத்த கைமாத்தா இருக்கும், மச்சானோ பங்காளியோ, பல வருஷமா அதே தொகை சொத்துப் பக்கம் உக்காந்துட்டு இருக்கும். ஸ்டாக் எடுக்கறப்ப துருப்பிடிச்சத நல்ல சரக்கோட சேத்து எண்ணுவீங்களா? எழுத்துல எதுவும் வாங்கலைன்னா கைமாத்துக்கு மூணு வருஷம்தான் கோர்ட்டுக்குப் போற காலக்கெடு. அத தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு சொத்துக் கணக்குல சேக்காதீங்க. வந்தா வரவு. ஏலச்சீட்டு, நகைக்கடன் ரெண்டையும் மறக்காம போடுங்க, சீட்ட எடுத்துட்டு இன்னும் கட்டிட்டு இருந்தா அது கடன் பக்கம் போகணும், நிறைய பேர் இத சேமிப்புப் பக்கமே வச்சிருப்பாங்க. மொய் நோட்டு நோட்டாவே இருக்கட்டும், அத எந்த சாஃப்ட்வேர்லயும் போட்டு ஜெயிச்ச ஆள நான் பாக்கல.

ஆரம்பிச்சு மூணு மாசம் பழசையும் புதுசையும் சேத்தே ஓட்டுங்க. மூணாவது மாசக் கடைசியில பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வந்து புதுசுல பேலன்ஸ் பைசா வரைக்கும் ஒத்து வந்துச்சுன்னா அன்னிக்கி பழசுல எழுதறத நிறுத்திடுங்க.

இப்ப வீட்டம்மா விஷயம். இத்தன நேரம் பேசினது எதுவும் அவங்களுக்கு உதவாது சார், குனுகேஷ் அவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் மணிய விட இன்னும் புரியாது. என்கிட்ட வந்த ஒரு அம்மா, வீட்டுக்காரர் போய் நாலு மாசம் கழிச்சு வந்தாங்க, புதுச்சேரியில நெல்லித்தோப்பு பக்கம். அவர் அவ்வளவு அழகா எக்செல்ல எல்லாம் போட்டு வச்சிருந்தாரு, லாப்டாப்புக்கு பாஸ்வேர்ட். பேத்தி பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பாத்தோம். கடைசியில பீரோவுல இருந்த பழைய பாஸ்புக், கேலண்டர் பின்னாடி எழுதி வச்ச எல்.ஐ.சி நம்பர், இத வச்சுதான் ஒவ்வொன்னா கண்டுபிடிச்சோம், ஒரு எஃப்.டி-க்கு நாமினியா அவரோட செத்துப் போன அம்மா பேரு இருந்துச்சு, அதுக்கு வாரிசு சான்றிதழ், தாலுகா ஆபீஸ், நடை நடைன்னு நடந்தாங்க.

அதனால ஒரு ஏ4 பேப்பர். எந்த பேங்க், எந்த பிராஞ்ச், எஃப்.டி எத்தன, போஸ்ட் ஆபீஸ்ல என்ன, பாலிசி நம்பர், பி.எஃப் பென்ஷன், நகை எந்தக் கடையில அடமானம், சீட்டு யார்கிட்ட, யாருக்கு நாம தரணும், ஒவ்வொன்னுக்கும் நாமினி யாரு. தமிழ்ல, பெருசா, உங்க கையெழுத்துல. தொகை எழுத வேணாம், அது மாறிட்டே இருக்கும். எழுதும்போதே எதுல நாமினி இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், அத அந்த வாரமே போய் மாத்துங்க. அப்புறம் அவங்கள கூட உக்கார வச்சு ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க, "இதெல்லாம் இப்ப எதுக்கு"ன்னு எந்திரிச்சுப் போவாங்க, மறுநாள் திரும்ப உக்கார வைங்க.

அந்தப் பேப்பரோட ஒரு ஜெராக்ஸும், பழைய டேட்டா, குனுகேஷ் ஃபைல் ரெண்டும் போட்ட பென் டிரைவும் பையன் வீட்டுல இருக்கட்டும். லாஸ்பேட்டை மேடு, தென்பெண்ணை அங்க வராது, அடுத்த தடவ நீங்க சி.பி.யு-வ விட்டுட்டு வீட்டம்மா சொல்றத முதல்ல தூக்கலாம்.