ஒரே பேண்டில் இரண்டு கிட்டார்: யார் லீட், யார் ரிதம்?

கேள்வி: கல்லூரியில் ஐந்து பேராக ஒரு பேண்ட் தொடங்கியிருக்கிறோம். ஒரு பாடகி, டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார். கீபோர்டு கிடையாது. பாதி தமிழ்த் திரைப்பாடல்கள், பாதி ராக். நானும் நண்பனும் இரண்டு ஆண்டுகளாக வாசிக்கிறோம். அவனுக்கு விரல் வேகம் அதிகம். எனக்குக் கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) சுத்தமாக வரும். இருவருக்குமே லீட், அதாவது மெட்டும் தனி வாசிப்பான சோலோவும், வாசிக்கத்தான் ஆசை. நான் ரிதம், அதாவது பாட்டுக்கு அடியில் கார்டுகள் அடிப்பதை, எடுத்துக்கொண்டால் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவேனோ என்று தயக்கம். எப்படி முடிவெடுப்பது?

பதில்: முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 தட்டு) வேகத்தில், பாருக்கு நான்கு தட்டு வீதம் 16 பார் சோலோ என்றால் 64 தட்டு. நேரத்தில் சுமார் 38 வினாடி. நான்கு நிமிடப் பாடலில் மீதி மூன்று நிமிடத்துக்கும் மேலாக லீட் கிட்டாரிஸ்டும் பாடகிக்குப் பின்னால் ரிதம்தான் வாசிக்கிறார். ரிதம் பிடிபடாத ஒருவரை லீடில் நிறுத்தினால் அந்த 38 வினாடி அமர்க்களமாக இருக்கும், பாட்டு முழுக்கத் தாளம் ஆடும். அதனால் விரல் வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளை இருவருமே செய்து, போனில் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள்.

மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) 80-ல் வையுங்கள். இரண்டு பார் சத்தம், இரண்டு பார் மௌனம் என்று அமைத்துக்கொண்டு நான்கு கார்டுகளை மூன்று நிமிடம் வாசியுங்கள். சத்தம் திரும்பும்போது உங்கள் முதல் தட்டு அதோடு சேர்ந்து விழ வேண்டும். பெரும்பாலானோர் முந்திவிடுவார்கள். தந்தியைத் தொடாத தட்டுகளில் வலது கையை நிறுத்திவிடுவதுதான் வழக்கமான காரணம். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கை கீழும் மேலுமாக ஓடிக்கொண்டே இருந்தால் வேகம் நிலைக்கும். இது சுலபமாகிவிட்டால் மௌனத்தை நான்கு பாராக நீட்டுங்கள். இங்கே யார் அசையாமல் நிற்கிறாரோ அவரைத்தான் டிரம்மர் நம்பி வாசிக்க முடியும்.

அடுத்தது லீடுக்கானது. மூன்றாம் தந்தியில் ஒன்பதாம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்குக் கம்பிகளால் பிரித்த கட்டம்) வாசித்து அந்த ஸ்வரத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே தந்தியில் ஏழாம் ஃப்ரெட்டை அழுத்தி, வளைத்து, அதே ஸ்வரத்தைத் தொடுங்கள். டியூனரில் இ (E) ஸ்வரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். சற்றுக் குறைவாக நின்றுவிடுவதுதான் எல்லாருக்கும் வரும் பிழை. மோதிர விரல் மட்டும் தள்ளினால் அப்படித்தான் ஆகும். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் பின்னால் சேர்த்து மணிக்கட்டைத் திருப்புங்கள். பிறகு பாடகியை நான்கு பார் அளவுக்கு ஏதாவது ஒரு மெட்டை முனகச் சொல்லி, கிட்டாரில் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். உங்களுக்கு இது மிக முக்கியம். திரைப்பாடல்களின் இடையிசையில் வரும் வயலின், புல்லாங்குழல் வரிகள் கீபோர்டு இல்லாத உங்கள் குழுவில் லீட் கிட்டார் தலையில்தான் விழும். ஸ்கேலில் ஏறி இறங்கும் வேகம் அதற்கு உதவாது. காதும், ஸ்லைடும் (விரலைத் தந்தியில் வழுக்குவது), அளவான பெண்டும் (தந்தியை வளைப்பது) வேண்டும்.

இரண்டாம் இடம் என்ற பயத்தைப் பற்றி. கவுண்ட் பேசி ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937 முதல் 1987 வரை ரிதம் கிட்டார் வாசித்தார். தனி வாசிப்பு அபூர்வம். அந்தக் குழுவின் நடையே அவர் கையில் இருந்தது. 1973-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ராக் குழுவான ஏசி/டிசியில் தம்பி ஆங்கஸ் லீட், அண்ணன் மால்கம் யங் ரிதம். மால்கம் தடித்த தந்தி போட்டு, டிஸ்டார்ஷனை (கரகரப்பை) குறைவாக வைத்து, அழுத்தி அடிப்பார். அந்த இறுக்கம் இல்லாமல் ஆங்கஸின் சோலோ எதன்மேல் நிற்கும்? கேட்பவர்கள் கால் ஆட்டுவது ரிதத்துக்குத்தான்.

கீபோர்டு இல்லாததால் உங்கள் குழுவில் ரிதத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சோலோ தொடங்கியதும் ரிதம் வாசிக்கும் கிட்டார் இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும், பாட்டு திடீரென மெலிந்துபோகும். அந்த இடத்துக்கென்றே ரிதத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சரணத்தில் பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கி) மேல்சுருதித் தந்திகள் மூன்று நான்கை மட்டும் தொடுங்கள்; சோலோவில் முழுக் கார்டையும் திறந்து ஒலிக்க விடுங்கள். சரணத்திலும் ஆறு தந்தியையும் அடித்துக்கொண்டிருந்தால் பிறகு கூட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது, பேஸும் கேட்காது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பேஸ் கிட்டார் உலவும் இடமும் அதுவே. ஆம்ப்பில் பேஸ் குமிழை 4-க்கு இறக்குங்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாகத் தெரியும், குழுவோடு சேரும்போது சரியாக உட்காரும். கெயினையும் (கரகரப்பைக் கூட்டும் குமிழ்) வீட்டில் வைப்பதில் பாதியாக்குங்கள். கெயின் ஏறினால் மேஜர், மைனர் கார்டுகள் கலங்கிவிடும்.

இரண்டு கிட்டார் குழுக்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு, இருவரும் ஒரே இடத்தில் ஒரே கார்டை ஒரே ஸ்ட்ரம்மிங்கில் அடிப்பது. சத்தம் கூடும், பாட்டு குழம்பும். உதாரணமாக, சி, ஏ மைனர், எஃப், ஜி என்று வரும் பாடலில் ஒருவர் அப்படியே கீழே வாசிக்கட்டும். மற்றவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை ஒன்றாக அழுத்தும் கவ்வி) போட்டு ஜி, இ மைனர், சி, டி வடிவங்களை ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து வாசிக்கட்டும். ஸ்வரங்கள் அவையேதான், ஒலிக்கும் உயரம் வேறு. லீட் வாசிப்பவர் இட்டு நிரப்பும் சின்ன வரிகள் பாடகி வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் வர வேண்டும். அவர் பாடும்போதே நுழைந்தால் இரண்டும் கெடும்.

சோலோ கேட்கவில்லை என்ற புகார் நிச்சயம் வரும். பூஸ்ட் பெடலை (ஒலியைக் கூட்டுவது) ஓவர்டிரைவுக்கு (கரகரப்பு தரும் பெடல்) முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும், சத்தம் அவ்வளவாகக் கூடாது. பின்னால் வைத்து 3 முதல் 5 டெசிபல் ஏற்றினால் போதும். மிட் குமிழை 6 அல்லது 7-ல் வையுங்கள். மிட்டைக் குடைந்தெடுத்த ஒலி அறையில் பிரமாதமாக இருக்கும், டிரம்ஸ் தொடங்கியதும் காணாமல்போகும்.

கருவி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். ரிதத்துக்கு மெல்லிய தந்தி .010 அல்லது .011 அங்குலம் உள்ள செட், 0.6 முதல் 0.73 மி.மீ. பிக். லீடுக்கு .009 அல்லது .010, ஒரு மி.மீ.க்குக் குறையாத பிக்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பாடல்களில் நீங்கள் ரிதம் எடுப்பதே குழுவுக்கு நல்லது. ஆனால் பதவிபோல நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளாமல் பாடல்வாரியாகப் பிரியுங்கள். பத்துப் பாடல் பட்டியலில், வேகம் கேட்காமல் மெட்டை இழுத்து வாசிக்க வேண்டிய இரண்டு மூன்றை நீங்கள் லீட் செய்யுங்கள். அப்போது நண்பர் ரிதம் பிடிக்கட்டும். அதற்கு முன் அவர் அந்த மெட்ரோனோம் சோதனையில் தேற வேண்டும். இல்லையென்றால் உங்கள் சோலோவுக்கு அடியில் தரை இருக்காது. ஒவ்வொரு பாடலையும் இரண்டு விதமாகவும் ஒருமுறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். எது நன்றாயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை டிரம்மருக்கும் பேஸ் வாசிப்பவருக்கும் கொடுங்கள்.